தினமும் தலைக்கு ஊத்தினால்தான் நல்ல தாயா?



மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை, வரதட்சணை, பிள்ளைகள் படிப்பு என்று எத்தனையோ எழுதுகிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டுவது பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். "இதுல எழுத என்னம்மா இருக்கு? தண்ணியை மொண்டு ஊத்த வேண்டியதுதானே" என்பீர்கள். இருக்கிறது சகோதரிகளே. அந்தத் தண்ணீரை வைத்துத்தான் ஒரு பெண் நல்ல தாயா, சோம்பேறித் தாயா என்று நம் ஊர்களில் மார்க் போடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" அடுத்தது "யார் ஜாடை?" மூன்றாவதாக, கேட்கிற குரலே கொஞ்சம் மாறும். "தினம் தலைக்கு ஊத்துறியா?" ஆமாம் என்றால் பாஸ். "ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்று சொல்லிவிட்டால், சர்பத்து டம்ளர் கீழே வைக்கப்படும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையைப் பிள்ளை பெற்ற எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த தெருப் பெண் ஒருத்தி. வயது 23. தலைப்பிள்ளை, ஆபரேஷன் செய்து எடுத்தது. தையல் இன்னும் சுரீர் என்று இழுக்கிறது. குனிந்து ஒரு வாளி தூக்க முடியாது. புருஷன் சவூதியில். மார்கழிப் பனிக்கு மூன்று நாள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றாமல், வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்து விட்டிருக்கிறாள். அன்று இரவே செல்போனில் முகம் பார்த்துப் பேசும்போது, 'ஸலாம்' சொன்ன கையோடு புருஷன் கேட்டது, "என்ன, புள்ளைய குளிப்பாட்டுறதே இல்லையாமே?" இங்கே நடந்தது கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர ஒரு பகல் போதுமாக இருந்திருக்கிறது! மறுநாள் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "அக்கா, நான் புள்ளைய அழுக்கா வச்சிருக்கேனாம்." பிள்ளையை வாங்கிப் பார்த்தேன். கழுத்து மடிப்பு சுத்தம், தொடை இடுக்கு சுத்தம், காது மடல் சுத்தம். பூ மாதிரி இருந்தது பிள்ளை.

அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விவரமாக இங்கே எழுதுகிறேன். என் மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, இப்போது பேரப் பிள்ளையையும் காலில் போட்டுக் குளிப்பாட்டும் வயதுக்கு வந்துவிட்டேன். அந்தத் துணிச்சல்தான்!

எங்கள் ஊர் வெள்ளாற்றின் தென்கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திட்டக்குடி, அது கடலூர் மாவட்டம். நாங்கள் 1995 வரைக்கும் திருச்சி மாவட்டத்துக்காரர்கள், அப்புறம் பெரம்பலூர். ஆற்றங்கரை ஊர் என்றதும் தண்ணீர் கரைபுரளும் என்று நினைத்துவிடாதீர்கள். பருவ மழைக்கு நாலு நாள் ஓடும். மற்ற நாளில் மணல்தான். நான் சிறு பெண்ணாக இருந்தபோது மணலில் ஊற்றுப் பறித்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவோம். ஒரு குடம் நிறைய அரை மணி கூட ஆகும். அப்படிக் கொண்டு வந்த தண்ணீரில் வீட்டில் இருந்த ஐந்து பிள்ளைகளுக்கும் தினம் தலைக்கு ஊற்ற முடியுமா? முடியாது. வியாழக்கிழமை சாயங்காலமோ வெள்ளிக்கிழமை காலையோ, ஜும்மாவுக்கு முன்னால் எண்ணெய் தேய்த்து ஒரு முழுக் குளியல். மற்ற நாளில் கை, கால், முகம் கழுவி மதரஸாவுக்கு விரட்டி விடுவார்கள். அந்தத் தாய்மாரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. வீட்டுக்குள் குழாய் வந்து, மாடியில் டேங்க் ஏறி, மோட்டார் போட்டால் தண்ணீர் கொட்டுகிற காலத்தில்தான் இந்த 'தினம் தலைக்கு' என்கிற சட்டம் எங்கள் தெருவில் வந்தது. ஆதி காலத்துப் பழக்கம் போல இப்போது பேசுகிறார்கள்.

கைப்பிள்ளைக்கு மட்டும் அப்போதும் தனி மரியாதைதான். அந்தக் குளியலை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் சாம்பிராணி வாசம் வரும். கொல்லையில் வெந்நீர் அடுப்பு, அதில் செம்புத் தவலை, உள்ளே இரண்டு நொச்சித் தழை. என் நன்னி மணையில் உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டிக்கொள்வார். புடவையை முட்டிக்கு மேல் சுருட்டி, கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவே பிள்ளையைப் படுக்க வைப்பார். தேங்காய் எண்ணெய் கை சூட்டில் உருகும். மார்பு, முதுகு, கை, கால் என்று உருவி விடுவார். பிள்ளை முதலில் கத்தும், அப்புறம் கண் சொருகும். பயற்றம் மாவு போட்டுத் தேய்த்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, உள்ளங்கையைப் பிள்ளையின் நெற்றியில் அணையாக வைத்துத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு சொட்டு முகத்தில் வழியாது. குளித்த பிள்ளை மூன்று மணி நேரம் தூங்கும். பிள்ளை பெற்றவளும் அந்த மூன்று மணி நேரம் தூங்குவாள். என்னைக் கேட்டால், அந்தக் குளியலின் பெரிய பலனே தாய்க்குக் கிடைத்த அந்தத் தூக்கம்தான். மூத்தவள் ஒருத்தி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, 'நீ போய்ப் படு' என்று சொன்னாளே, அது. இன்று வந்து நின்று கேள்வி கேட்கிறவர்களில் எத்தனை பேர் "நகரு, நான் ஊத்துறேன்" என்று மணையில் உட்காருகிறார்கள்?

எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவி விடுவதை டாக்டர்களும் குறை சொல்வதில்லை. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான பிள்ளைக்கு உடம்பை மெதுவாக நீவி விடலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2022இல் சொல்லியிருக்கிறது. 'மெதுவாக' என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. தலையைப் பிடித்து உருண்டை பண்ணுகிறேன், மூக்கைப் பிடித்து எடுப்பாக்குகிறேன் என்று அழுத்துவதெல்லாம் அதில் சேராது.

ஆனால் அந்தக் குளியலோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் இரண்டு சொட்டு, காதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது. "சளி இளகும்" என்பார்கள். சிலர் மூக்கில் வாய் வைத்து ஊதுவார்கள். சிலர் தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழையை வழித்து எடுப்பார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டரை மாதப் பிள்ளை ஒன்று. நல்ல கொழுகொழு பிள்ளை. மூன்று வாரமாக இருமல். இருமல் கூடக் கூட எண்ணெயும் கூடியது. ஒரு நாள் விலா உள்ளே இழுக்க ஆரம்பித்து, உதடு நிறம் மாறி, பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து திருச்சி. பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசம். பிள்ளை பிழைத்தது, அல்லாஹ் காப்பாற்றினான்.

அந்தக் குழந்தை டாக்டர் தாயிடம் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போனால் உடனே புரை ஏறும். இருமி வெளியே தள்ளிவிடுவோம். எண்ணெய்க்கு அப்படிப் புரை ஏறாதாம். வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கினது லேசில் வெளியே வராது. உள்ளேயே தங்கிப் புண்ணாகும். இதற்கு எண்ணெய் நிமோனியா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரண சளிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்துக்கு இது சட்டென்று கேட்பதும் இல்லை.

என் அம்மா எழுத்து வாசனை இல்லாதவர். ஆனால் என் பிள்ளைகளுக்கு மூக்கில் எண்ணெய் விட யாரையும் விட மாட்டார். "மூக்கு மூச்சு விடத்தான்டி, எண்ணெய் குடிக்க இல்ல" என்பார். அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

பிறந்த குழந்தையின் முதல் குளியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் பிறந்த கையோடு கழுவி எடுப்பார்கள். மேலே வெள்ளையாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்குமே, அதைத் தேய்த்து எடுக்காமல் விட மாட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். "அழுக்கோடவே குடுத்துட்டாங்க" என்று சில பாட்டிமார் முணுமுணுக்கிறார்கள். முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் கதகதப்பாக இருந்த பிள்ளை, வெளியே வந்ததும் சட்டென்று உடம்புச் சூட்டை இழந்துவிடும். அந்த வெண்ணெய்ப் பூச்சு இயற்கை போர்த்திவிட்ட சால்வை. தொப்புள் கொடி காய்ந்து விழும்வரை துடைத்து எடுத்தாலே போதும். கொடியில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் தடவாமல் உலர விட வேண்டும். எடை குறைவாகப் பிறந்த பிள்ளையென்றால் எப்போது குளிப்பாட்டலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டைக் கேட்டு அல்ல.

சரி, அப்புறம் எத்தனை நாளுக்கு ஒரு தரம்? இதற்குத்தான் எல்லோரும் சண்டை போடுகிறோம்.

என் சின்ன நாத்தனார் லண்டனில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்த்தாராம். "தினமும் முழுக் குளியல் தேவையில்லை. முகம், கழுத்து, கை, பின்பக்கம், இதை மட்டும் தினம் நன்றாகத் துடை" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைக் கேட்டதும் என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "வெள்ளைக்காரன் குளிக்க மாட்டான்னு தெரியும், புள்ளையையுமா!" அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் முதல் வருடத்துக் கைப்பிள்ளைக்கு வாரம் மூன்று குளியல் போதும் என்றுதான் சொல்கிறது. அடிக்கடி சோப்புப் போட்டால் பிள்ளையின் தோல் உலர்ந்து வெடிக்கும் என்பது காரணம்.

2021ஆம் வருடம் இது பெரிய கூத்தாகவே ஆனது. ஆஷ்டன் குட்சர், மிலா கூனிஸ் என்று அமெரிக்காவில் ஒரு நடிகர் தம்பதி. எங்கள் பிள்ளைகள் மேல் அழுக்குத் தெரிந்தால்தான் குளிப்பாட்டுவோம் என்று ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார்கள். உலகமே சிரித்தது. நம்ம பிள்ளைகள் 'ராக்' என்று கொண்டாடும் டுவைன் ஜான்சன், நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிக்கிறவன் என்று பதில் சொன்னார். அந்த நடிகை அதே பேட்டியில் சொன்ன இன்னொன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. தான் சிறு பெண்ணாக இருந்த வீட்டில் வெந்நீர் வராது, அதனால் அடிக்கடி குளித்து வளரவில்லை என்றார். அவர் பிறந்தது உக்ரைன். அந்தக் குளிரில் வெந்நீர் இல்லாமல் யார் தினம் குளிப்பாட்டுவார்கள்? எங்கே போனாலும் விஷயம் தண்ணீரிலும் விறகிலும்தான் வந்து நிற்கிறது, பாருங்கள்.

லண்டன் கணக்கை அப்படியே லப்பைக்குடிக்காட்டுக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே பாதி வருடம் குளிர், காற்றில் ஈரம் இல்லாத ஹீட்டர் சூடு. இங்கே கத்திரி வெயிலில் பிள்ளை தொட்டிலில் படுத்த இடம் ஈரமாகிறது. கழுத்தில் வேர்க்குரு, தொடையில் சிவப்பு. வெயில் காலத்தில் இரண்டு வேளையும் மேலுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அதற்குச் சுகம். தெருவில் புரண்டு வருகிற ஆறு வயதுப் பையனைக் குளிக்காமல் பாயில் படுக்க விட எனக்கும் மனசு வராது. ஆனால் மார்கழியில், காய்ச்சலில், இருமலில், தாய்க்கு முடியாத நாளில், தண்ணீர் வராத நாளில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. தலைக்கு வாரம் இரண்டு தரம் போதும். தினம் கவனிக்க வேண்டிய இடங்கள் கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், விரல் இடுக்கு. இந்த ஐந்தும் சுத்தமாக இருந்தால் அது குளித்த பிள்ளைதான். குளித்து முடித்ததும் கழுத்தில் குபீரென்று பவுடர் கொட்டுவதையும், மூடிய அறையில் சாம்பிராணிப் புகையில் பிள்ளையைக் காட்டுவதையும் நிறுத்திவிடலாம். இரண்டும் மூச்சுக்கு ஆகாது. புகை வாசம் வேண்டுமென்றால் கொல்லையில் நின்று நாம் பிடித்துக்கொள்வோமே!

தண்ணீர் வராத நாள் என்றேனே, அதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர். ஒரு பிள்ளைக்குத் தாராளமாகத் தலைக்கு ஊற்ற ஒரு குடம் போகும். மூன்று பிள்ளை என்றால் மூன்று குடம், அவர்கள் கழற்றிப் போட்ட துணிக்கு இன்னும் மூன்று. கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டம் 2019இல் ஆரம்பித்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்குப் போட்டார்கள். சமையல், குடிநீர், கக்கூஸ், துணி, குளியல் எல்லாம் அந்த மூன்றரைக் குடத்துக்குள். அதே 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனதே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அப்போது சென்னையில் இருந்த என் அக்கா மகள், பெரிய தாம்பாளத்தில் பிள்ளையை நிற்க வைத்து ஊற்றி, அந்தத் தண்ணீரையே கக்கூஸுக்கு எடுத்து வைத்தாள். அவளை யாராவது கெட்ட தாய் என்பார்களா?

உண்மையில் பிள்ளைக்கு நோய் வருவது எந்த வழியாக என்று பார்த்தால், முதுகு வழியாக இல்லை. கை வழியாகத்தான் அதிகம். பாகிஸ்தானில் கராச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2005இல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். சில தெருக்களுக்குச் சோப்புக் கொடுத்து, கை கழுவப் பழக்கினார்கள். மற்ற தெருக்களை அப்படியே விட்டார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்தது. இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கிருமியைக் கொல்லும் என்று விளம்பரத்தில் வருகிற மருந்து சோப்பும், சாதா சோப்பும் ஒரே பலனைத்தான் கொடுத்தன. ஆகவே விலை கூடின சோப்பு வாங்கவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்!

எங்கள் வீடுகளில் ஏழு வயதிலேயே பிள்ளைகள் ஒளு செய்யப் பழகிவிடுகிறார்கள். கை, வாய், மூக்கு, முகம், கால் என்று நாளைக்கு ஐந்து வேளை தண்ணீர் படுகிறது. அது நல்ல அடித்தளம்தான். ஆனால் கக்கூஸுக்குப் போய் வந்த பிறகும் சாப்பிடும் முன்னும் வெறும் தண்ணீர் போதாது, சோப்பு பட வேண்டும். பிள்ளைக்கு மலம் கழுவிய கையை நாம் எத்தனை பேர் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுப்படிக்குள் போகிறோம்? "கைப்புள்ளையோட மலம் என்ன அசிங்கமா" என்று ஒரு பேச்சு உண்டு. பெரியவர்களுடையதைப் போலவே அதிலும் கிருமி இருக்கும். வாசல் தொட்டியடியில் ஒரு துண்டு சோப்பை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டாகவே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

வீட்டுச் சுத்தமும் இதே கதைதான். காலையில் பெருக்கி, சாயங்காலம் பெருக்கி, வியாழக்கிழமை வீடு முழுக்கக் கழுவிவிட்டு, நோன்புக்கு முன்னால் வெள்ளையடித்து, தரையில் முகம் பார்க்கலாம் என்று வைத்திருப்போம். ஆடி மாதத்தில் ஆற்று மணல் காற்றில் வந்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். அரியலூரில் வாழ்க்கைப்பட்ட என் பெரிய நாத்தனார் வீட்டில் இன்னும் மோசம். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் ஆலையும் இருக்கிற பக்கம். துடைத்த ஜன்னல் மறுநாள் வெள்ளையாக நிற்கும். அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் விருந்தாளி வந்து ஜன்னல் கம்பியில் விரலை வைத்துப் பார்க்கும்போது அவள் முகம்தான் சுருங்குகிறது.

தரை பளபளக்கிற அதே வீட்டில் கொல்லைப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் டிரம், ஒரு சிமென்ட் தொட்டி, ஒரு அண்டா. தண்ணீர் எப்போது வருமோ என்று பிடித்து வைத்தது. கால் டிரம் மீதி இருக்கும்போதே மேலே புதுத் தண்ணீரைப் பிடித்துவிடுவோம். அடித் தண்ணீர் மாதக்கணக்காக அங்கேயே கிடக்கும். டெங்குக் கொசு சாக்கடையில் வளராது. இந்த மாதிரி தெளிந்த தண்ணீரில்தான் வளரும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிப் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்ட வைத்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் அது சாகாது. காய்ந்த டிரம்மிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். அதனால் வாரம் ஒரு தரம் டிரம்மைக் காலி செய்து, உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்து, காயவைத்துப் பிடித்து, துணி கட்டி மூடினால் வளர வழியில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்குமே, அதையும் பாருங்கள். நமக்குத்தான் வியாழக்கிழமை வீடு கழுவுகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே. அன்று தரைக்குப் போகும் இரண்டு வாளித் தண்ணீரில் ஒரு வாளியை டிரம்முக்குக் கொடுத்தால் போதும். தரையை அடுத்த வாரம் கழுவிக்கொள்ளலாம். விருந்தாளிக்குத் தரைதான் கண்ணில் படும், டிரம்மின் உள்பக்கம் படாது. நம் பிள்ளையைக் கடிக்கிற கொசு வருவதோ அந்த டிரம்மிலிருந்துதான்.

அடுப்படியோரம் வெந்நீர் அண்டாவும், நிறைந்த வாளியும் தவழும் பிள்ளைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாண் தண்ணீரில் கூடத் தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது.

இத்தனை வேலைக்கும் கை யாருடையது? 2024இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், அந்த வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் வந்தது. பிள்ளை பார்க்கிற நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. எங்கள் ஊரில் பாதி ஆண்கள் சபுர் போனவர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் இரண்டு மாத லீவில் வருகிறார்களே, அந்த அறுபது நாளில் வியாழக்கிழமை எட்டு வரும். எட்டு வியாழனும் டிரம் தேய்க்கிற வேலை அவர்களுடையது என்று என் வீட்டில் வைத்திருக்கிறேன். முதல் தரம் என் மகன் முறைத்தான். இப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்முக்குள்ளேயே தலையை விடுகிறான்!

அந்த 23 வயதுப் பெண்ணின் மாமியாரிடம் நானே போய்ப் பேசினேன். என்னைவிட மூத்தவர். கோபம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். "மாமி, புள்ளைக்கு மூக்குல எண்ணெய் விடாதீங்க. குளிப்பாட்டுற அன்னைக்கு நீங்க கால்ல போட்டு ஊத்துங்க, அவளால குனிய முடியல" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான்தான் ஊத்தணும்னு அவ சொல்லவே இல்லியே. நவீன காலத்துப் புள்ளைங்க, நம்ம கை படக் கூடாதுன்னு நினைக்கிறாளோன்னு இருந்தேன்" என்றார். இப்போது திங்கள், வியாழன், சனி மூன்று நாளும் மாமியாரின் காலில் பேரன் குளிக்கிறான். மற்ற நாளில் துடைத்து விடுகிறார்கள். எண்ணெய்க் கிண்ணம் மூக்குப் பக்கம் போவதில்லை. ஊரில் யாராவது "தினம் ஊத்தலையா?" என்று கேட்டால் மாமியாரே பதில் சொல்லிக்கொள்கிறார்.

தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தரம் வருகிற ஊர்களில் இருக்கும் சகோதரிகள் பிள்ளைகளின் குளியலை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்களேன். எங்கள் தெருவில் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுகிறேன்.

– ஒரு வாசகி,
லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம்.